தோலுக்காக விற்கும் சுருட்டு

பிலடெல்பியாவில் பேயுக் சகோதரர்களின் கம்பெனி தயாரித்த ‘ஃபிலீஸ்’, உழைப்பாளிகளின் மலிவுச் சுருட்டு. 1980களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டு, பிராண்டு வேறு கைக்குப் போனது. அந்தப் பத்தாண்டில்தான், தயாரித்தவர்கள் கனவிலும் நினைக்காத வேலையொன்று அந்தச் சுருட்டுக்கு வந்து சேர்ந்தது. நியூயார்க் நகரத்துக் கறுப்பின, கரீபிய, லத்தீன் இளைஞர்கள் தெருமுனைக் கடையில் அதை வாங்கினார்கள். கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் கீறி, உள்ளிருந்த புகையிலையைக் கொட்டிவிட்டு, கஞ்சாவை நிரப்பி, எச்சில் தொட்டு ஒட்டினார்கள். ஃபிலீஸ் பெட்டியில் அச்சாகியிருந்த ‘பிளண்ட்’ என்ற பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. 1992இல் ரெட்மேன் என்ற ராப் பாடகர் இதை எப்படிச் சுற்றுவது என்று ஒரு முழுப் பாட்டே போட்டார். ஃபிலீஸ் சின்னம் போட்ட சட்டைகளும் அப்போது தெருவுக்கு வந்திருந்தன.

தாளில் சுற்றாமல் சுருட்டை ஏன் எடுத்தார்கள்? சுருட்டிலை தடித்தது, மெல்ல எரியும். நாலைந்து பேர் கைமாற்றி இழுக்கும் அளவு கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் சட்டப்படியான சுருட்டுதான். கஞ்சாவுக்காகக் கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் விரட்டிப் பிடித்த ஊரில், இந்த மறைப்பு சின்ன விஷயமல்ல.

ஃபிலீஸோடு இது நிற்கவில்லை. ஒயிட் அவுல், ஸ்விஷர் ஸ்வீட்ஸ், 1662இல் ரெம்பிராண்ட் வரைந்த துணி வணிகர் சங்கத்து ஓவியத்தைப் பெட்டியில் தாங்கிய டச்சு மாஸ்டர்ஸ் என எல்லாமே பிளக்கப்பட்டன. இவற்றில் பல பிராண்டுகளின் மேலுறை முழு இலைகூட இல்லை. புகையிலைத் தூளையும் காம்பையும் கூழாக்கித் தகடாக இழுத்தது. பிறகு, உள்ளே எதுவுமில்லாமல் அந்த உறையை மட்டும் பாக்கெட்டில் போட்டு விற்கும் வியாபாரமும் கிளம்பியது. வாங்குபவர் உள்ளிருப்பதை என்ன செய்யப்போகிறார் என்பது தெரிந்துதான் விற்றார்கள் என்பதற்கு அந்த வெற்றுறையைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

சட்டமும் சுருட்டுக்கு வழிவிட்டது. 2009இல் அமெரிக்கா மெந்தால் தவிர மற்ற சுவையூட்டிய சிகரெட்டுகளைத் தடைசெய்தபோது சுருட்டைத் தொடவில்லை. திராட்சை, ஸ்ட்ராபெரி வாசனையோடு, 99 சென்ட்டுக்கு இரண்டு என்று அது கல்லாவருகே நின்றது. அதே ஆண்டு சிறு சுருட்டுக்கான வரியை சிகரெட் வரிக்குச் சமமாக ஏற்றினார்கள். ஆயிரம் சுருட்டு மூன்று பவுண்டுக்கு மேல் எடையிருந்தால் அது ‘பெரிய சுருட்டு’, அதற்கு வேறு கணக்கு. உடனே பல கம்பெனிகள் எடையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டன. 2000க்கும் 2011க்கும் இடையில் அந்நாட்டில் சிகரெட் நுகர்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சுருட்டு உள்ளிட்ட, சிகரெட் அல்லாத புகைக்கும் புகையிலையின் நுகர்வோ இரண்டு மடங்கைத் தாண்டியது. வரி விளையாட்டுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. பிளண்ட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

2014 ஜனவரி 1 அன்று கொலராடோவில் கஞ்சா கடையிலேயே விற்பனைக்கு வந்தது. இனி ஒளிக்க வேண்டியதில்லை. மறைப்புக்காகத்தான் சுருட்டு என்றால், அதன் வேலை அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முப்பது வருடப் பழக்கம் அதற்குள் ருசியாகிவிட்டிருந்தது. புகையிலையோடு சேர்ந்தால்தான் அந்த வாசனை, அந்தக் கிறக்கம் என்று பழகியவர்கள் சுருட்டைக் கைவிடவில்லை.

கலிஃபோர்னியாவில் இது இன்னும் விசித்திரமான வடிவம் எடுத்தது. அங்கே உரிமம் பெற்ற கஞ்சாக் கடை புகையிலை விற்கக் கூடாது. கஞ்சாப் பொருளில் நிகோடின் சேர்க்கவும் கூடாது. ஆகவே கடையில் சுற்றி வைத்த பிளண்ட் வேண்டுமென்றால் உறை புகையிலையாக இருக்க முடியாது. 2018 டிசம்பரில் வந்த மத்திய விவசாயச் சட்டம், போதை தராத சணல் கஞ்சாச் செடியை நாடு முழுக்கச் சட்டபூர்வமாக்கியது. அந்தச் செடியிலிருந்து செய்த உறைகளுக்கு அதோடு பெரிய சந்தை திறந்தது. சுருட்டு உறைக்கு இது நேரடிப் போட்டி. இது வளர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். பழைய வழியோ அப்படியே இருக்கிறது: கஞ்சாவை ஒரு கடையில் வாங்கி, சுருட்டைப் பெட்ரோல் பங்க்கில் வாங்கிக்கொள்ளலாம்.

என் கவலை அந்தப் பழைய வழியைப் பற்றியது. உள்ளிருக்கும் புகையிலையைக் கொட்டினாலும் உறையிலுள்ள நிகோடின் நுரையீரலுக்குப் போகிறது. பிளண்ட் இழுக்கும் இளைஞர்களில் பலர் தங்களைப் புகையிலை பிடிப்பவர்களாக நினைப்பதே இல்லை. கஞ்சாவை எவ்வளவு விற்கலாம், யாருக்கு விற்கலாம் என்று மாநிலங்கள் பக்கம்பக்கமாக விதி எழுதின. அதைச் சுற்றும் இலையைப் பற்றி அதே அக்கறையோடு யோசித்தவர்கள் குறைவு. 2022 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சுவையூட்டிய சுருட்டுகளைத் தடைசெய்ய வரைவு விதி வெளியிட்டது. 2025 ஜனவரியில், டிரம்ப் மீண்டும் பதவியேற்ற வாரத்தில், அந்த வரைவு திரும்பப் பெறப்பட்டது. மாசசூசெட்ஸ், கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தாங்களே தடை போட்டிருக்கின்றன. மற்றப் பெரும்பாலான இடங்களில் திராட்சைச் சுருட்டு இன்றும் கல்லாவருகே கிடைக்கிறது.