பொது நிர்வாகமும் சமுதாய மேம்பாடும்: திருச்சி, ஸ்ரீரங்கம் வழியே ஒரு படிப்பின் வரலாறு

இளங்கலை முடிக்கும் மாணவர் ஒருவர் எம்.பி.ஏ. அல்லது எம்.சி.ஏ. சேரப்போகிறேன் என்றால் வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அதே மாணவர் "பொது நிர்வாகம் எம்.ஏ. படிக்கப்போகிறேன்", "சமுதாய மேம்பாடு படிக்கப்போகிறேன்" என்றால் கேள்விகள் வரிசையாக வரும். அது என்ன படிப்பு? எங்கிருந்து வந்தது? இரண்டும் ஒன்றா, வேறா? படித்தால் கலெக்டர் ஆகலாமா?

இந்தக் கேள்விகளுக்குக் கல்லூரி விளக்கக் கையேட்டை விட வரலாறு நல்ல பதில் சொல்கிறது. அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். திருச்சியையும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்தையும் பார்த்தாலே போதும்.

பொது நிர்வாகம் எப்போது ஒரு பாடம் ஆனது?

அரசு நடத்துவது பழைய வேலை. அதைத் தனிப் பாடமாகப் படிக்கலாம் என்ற எண்ணம் புதியது. 1887இல் அமெரிக்காவின் உட்ரோ வில்சன் நிர்வாகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவர் ஓர் ஆசிரியர்; பின்னாளில்தான் அந்நாட்டு ஜனாதிபதி ஆனார். சட்டம் இயற்றுவது ஒரு வேலை, அந்தச் சட்டத்தை நடத்திக் காட்டுவது வேறொரு வேலை, இரண்டாவதற்கும் தனிக் கல்வி வேண்டும் என்பது அவர் வாதம். பொது நிர்வாகப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டுரையில் இருந்தே தொடங்குகின்றன. 1924இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே மேக்ஸ்வெல் பள்ளி தொடங்கப்பட்டது.

இந்தியாவில் லக்னோ பல்கலைக்கழகம் 1930இல் இந்தப் பாடத்தை அறிமுகப்படுத்தியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1937இல் இதில் டிப்ளமோ தொடங்கியது. அந்தக் காலத்தில் திருச்சிக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தன. திருச்சிக்கு என்று பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது 1982இல்தான்.

சுதந்திரத்துக்குப் பின் நாகபுரி பல்கலைக்கழகம் இதற்குத் தனித் துறை அமைத்தது. 1954இல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் உருவானது. 1987இல் ஐ.ஏ.எஸ். தேர்வில் பொது நிர்வாகம் விருப்பப் பாடமாகச் சேர்க்கப்பட்டது. அதன் பிறகுதான் இந்தப் பெயர் ஊர் ஊராகப் பரவியது. "இது ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் படிக்கிற பாடம்" என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே பரவியது.

அதற்கு முன் ஊரை யார் நடத்தினார்கள்?

ஸ்ரீரங்கத்தில் கோயிலே ஊர். ஏழு சுற்றுகளில் வெளிச் சுற்றுகள் முழுக்க வீடுகளும் கடைகளும்தான். இவ்வளவு பெரிய கோயிலுக்கு யார் என்ன வேலை செய்வது, யாருக்கு என்ன உரிமை என்பதற்கெல்லாம் ஒழுங்கு வேண்டும். இராமானுசர் கோயில் பணிகளைப் பிரித்துச் சீரமைத்தார் என்று கோயிலொழுகு என்ற நூல் சொல்கிறது. வேலைப் பிரிவு, பொறுப்பு, கணக்கு என்று இன்றைய பாடத்தில் வரும் விஷயங்கள்தான் இவை.

ஆற்றின் தென்கரையில் வேறு விதமான நிர்வாகம் வந்தது. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1866 நவம்பர் 1 அன்று திருச்சி நகராட்சி தொடங்கியது. முதல் சபையில் பதவி வழியில் 2 பேர், அரசு நியமித்தவர்கள் 9 பேர். ஊர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவரும் இல்லை. வரி கட்டுபவர் ஊர்க்காரர், செலவை முடிவு செய்பவர் அரசு நியமித்தவர் என்ற நிலை.

1877இல் தேர்தல் வந்தது. 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தம் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். 1889இல் திருச்சி நகராட்சிக்கு முதன்முதலாகத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். நியமனத்தில் தொடங்கிய சபைக்குத் தேர்ந்தெடுத்த தலைவர் கிடைக்க 23 ஆண்டுகள் ஆயின.

ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாகவே இருந்தது. பொன்மலையும் அப்படித்தான். 1994இல் இந்த இரண்டையும் சேர்த்துத் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி அமைக்கப்பட்டது. ஸ்ரீரங்கம் அதில் ஒரு கோட்டமானது.

இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. பெரிய மாநகராட்சிக்குப் பணமும் பொறியாளர்களும் கிடைப்பது எளிது. ஆற்றின் இரு கரைக்கும் சேர்த்துக் குடிநீர், சாக்கடைத் திட்டம் போடலாம். ஆனால் தனக்கென்று ஒரு சபையும் தலைவரும் வைத்திருந்த ஊர், பெரிய சபையில் சில வார்டுகளாகிறது. முடிவு எடுக்கும் இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. பரீட்சையில் "அதிகாரக் குவிப்பும் அதிகாரப் பரவலும்" என்று பத்து மதிப்பெண் கேள்வி வருமே, அது இதுதான். காவிரிப் பாலத்தைக் கடந்தால் அந்தக் கேள்வி கண்ணுக்குத் தெரியும்.

சமுதாய மேம்பாடு வேறு படிப்பா?

ஆம், அதன் வேர் வேறு. 1952 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. சுமார் 100 ஊர்களைச் சேர்த்து ஒரு வட்டாரம், அதற்கு ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர், கீழே கிராம சேவக்குகள் என்பது இதன் அமைப்பு. இன்றும் நம் ஊர்களில் 'பி.டி.ஓ. ஆபீஸ்' என்று சொல்கிறார்களே, அது இந்தத் திட்டம் விட்டுச்சென்ற பெயர்.

மக்களே முன்வந்து தங்கள் ஊரை முன்னேற்ற வேண்டும் என்பது நோக்கம். நடந்தது வேறு. திட்டம் மேலே தயாராகி, பணமும் இலக்கும் கீழே வந்தன. ஐந்து ஆண்டுகளில், 1957இல், பல்வந்த்ராய் மேத்தா குழு இதை வெளிப்படையாகச் சொன்னது. மக்கள் பங்கேற்பு போதவில்லை, தேர்ந்தெடுத்த உள்ளூர் சபைகளிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே சென்னை மாநிலம் ஊராட்சிச் சட்டம் இயற்றியது. ஊராட்சி ஒன்றியங்கள் அப்படி வந்தவைதான்.

இந்த வேலைக்குப் படித்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். பம்பாயில் 1936இலேயே டாட்டா பெயரில் சமூகப்பணிப் பள்ளி வந்திருந்தது. சென்னையில் 1952இல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் உருவாக்கிய காந்திகிராமத்தில் 1956இல் கிராமிய நிறுவனம் வந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. திருச்சியில் பிஷப் ஹீபர் கல்லூரி போன்ற இடங்களில் சமூகப்பணி முதுகலை நடத்தப்படுகிறது. சமுதாய மேம்பாடு பல இடங்களில் அந்தப் படிப்புக்குள் ஒரு சிறப்புப் பிரிவாக இருக்கிறது. வாரத்தில் சில நாட்கள் களப்பணிக்குப் போவது இதில் கட்டாயம்.

சுருக்கமாகச் சொன்னால் பொது நிர்வாகம் அலுவலகத்தில் இருந்து தெருவைப் பார்க்கிறது. சமுதாய மேம்பாடு தெருவில் இருந்து அலுவலகத்தைப் பார்க்கிறது.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்?

இதற்குத் திருச்சியிலேயே ஓர் உதாரணம் உண்டு. நகரின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகள் இருந்தன. ஆனால் பராமரிப்பு இல்லை. தண்ணீர் இருக்காது, விளக்கு எரியாது, உள்ளே கால் வைக்க முடியாது. கட்டடம் இருந்தும் மக்கள் திறந்தவெளிக்கே போனார்கள். பெண்கள் இருட்டும் வரை காத்திருந்தார்கள்.

1987இல் திருச்சியில் தொடங்கிய கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் இந்தப் பகுதிகளில் வேலை செய்தது. மாநகராட்சியின் ஒத்துழைப்போடு, கழிப்பறைகளை நடத்தும் பொறுப்பு அந்தந்தப் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் வந்தது. பயன்படுத்துபவர்களிடம் சிறு கட்டணம் வாங்கி, அதில் சுத்தம் செய்பவருக்குச் சம்பளம் கொடுத்து, கணக்கும் எழுதினார்கள். 2002இல் திருச்சியின் கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்காத இந்தியாவின் முதல் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

மேற்கே காவிரிக் கரையில் உள்ள முசிறியில் ஸ்கோப் என்ற நிறுவனம் இன்னொரு வழியைக் காட்டியது. ஆற்றங்கரை ஊரில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். சாதாரணக் குழிக் கழிப்பறை கட்டினால் கழிவு கிணற்று நீரில் கலக்கும். எனவே மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து, மலத்தை உலரவைத்து உரமாக்கும் கழிப்பறைகளை அங்கே கட்டினார்கள். ஸ்கோப் நிறுவனர் சுப்புராமனுக்கு 2021இலும், கிராமாலயா நிறுவனர் தாமோதரனுக்கு 2022இலும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீர் இணைப்பு, மின்சாரம், இடம், அனுமதி இவற்றை மாநகராட்சி இல்லாமல் பெற முடியாது. தினமும் கதவைத் திறந்து, கழுவி, கணக்கு வைப்பதை அந்தத் தெருப் பெண்கள் இல்லாமல் செய்ய முடியாது. ஒன்று மட்டும் இருந்த காலத்தில் பூட்டிக் கிடந்த கட்டடங்கள்தான் மிஞ்சின.

நிர்வாகம் மட்டும் இருந்தால்?

அதையும் திருச்சி பார்த்திருக்கிறது. 2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. மாநகராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் திருச்சிக்கு மேயரும் இல்லை, கவுன்சிலர்களும் இல்லை. அலுவலகம் திறந்திருந்தது, வரி வசூல் ஆனது, அதிகாரிகள் வேலை செய்தார்கள். ஆனால் ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருவில் சாக்கடை அடைத்தால், "எங்கள் ஓட்டு வாங்கினீர்களே" என்று போய்க் கேட்க ஆள் இல்லை. 1866இல் இருந்த நிலைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதை மாணவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

சரி, வேலை கிடைக்குமா?

நேர்மையான பதில் இது. ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கும் பொதுவாக ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். பொது நிர்வாகம் படித்தவருக்கு என்று தனி இட ஒதுக்கீடு கிடையாது. பாடத்தில் கொஞ்சம் உதவி கிடைக்கும், அவ்வளவுதான். சமுதாய மேம்பாடு படித்தவர்கள் தொண்டு நிறுவனங்கள், மகளிர் திட்டம், ஊரக வளர்ச்சித் திட்டங்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுகள் ஆகியவற்றில் வேலைக்குப் போகிறார்கள். இவற்றில் பல ஒப்பந்த வேலைகள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. இதைத் தெரிந்துகொண்டே சேர்வது நல்லது.

சேர்வதற்கு முன் செய்யக்கூடிய செலவில்லாத ஒரு காரியம் உண்டு. ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூட்டம் நடத்துவது வழக்கம். அதில் ஒரு நாள் பக்கத்து ஊராட்சிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கலாம். தீர்மான நோட்டில் என்ன எழுதுகிறார்கள், மக்கள் என்ன கேட்கிறார்கள், இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்தக் கூட்டம் அலுப்பாக இருந்தால் வேறு படிப்பைத் தேடலாம். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்கத் தோன்றினால் இந்தப் படிப்பு பிடிக்கும்.

"படித்தால் கலெக்டர் ஆகலாமா?" என்று வீட்டில் கேட்டால், ஆகலாம் என்றே சொல்லலாம். ஆனால் கலெக்டர் ஆகாவிட்டாலும் இந்தப் படிப்பு வீணாகாது. கல்மந்தையில் கணக்கு எழுதிய பெண்களோடு உட்கார்ந்து பேசவும், அதே விஷயத்தை மாநகராட்சி அலுவலகத்தில் மனுவாக எழுதிக் கொடுக்கவும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வார்டுக்கும் தேவைப்படுகிறார்கள்.