ஆப்பிரிக்கக் குடியேறிகளுக்கான சமூக வாழ்முறைத் திட்டங்கள்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குடியேறிய ஆப்பிரிக்கர்களிடையே இதயநோய், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவற்றைத் தடுக்க, அவர்கள் கூடும் இடங்களிலேயே நடத்தப்படும் நலத் திட்டங்கள்.

பின்னணி: கானா மக்களைத் தாயகத்திலும் ஆம்ஸ்டர்டாம், பெர்லின், லண்டன் நகரங்களிலும் ஒப்பிட்ட ‘ரோடாம்’ ஆய்வின் முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. கானாவின் கிராமப் பெண்களில் சுமார் 8% பேருக்கு உடல் பருமன் இருந்தது. லண்டனில் வாழும் கானா பெண்களில் அது சுமார் 54%. உட்கார்ந்தே செய்யும் வேலை, பதப்படுத்திய உணவு, புலம்பெயர் வாழ்வின் மன அழுத்தம் ஆகியவை காரணங்களாகக் கருதப்படுகின்றன.

செயல்முறை: பல திட்டங்களுக்கு அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டமே (டிபிபி) முன்மாதிரி. எடையில் 7% குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இலக்குகளால் இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு 58% குறைந்ததாக அது 2002-இல் காட்டியது. ஃபுஃபு, ஜொலோஃப் சோறு போன்ற ஆப்பிரிக்க உணவுகளைக் கைவிடச் சொல்லாமல், அளவு, எண்ணெய், உப்பு ஆகியவற்றைக் குறைக்கவே பயிற்றுநர்கள் கற்பிக்கின்றனர்.

எடுத்துக்காட்டுகள்: பால்டிமோர் பகுதி ஆப்பிரிக்கத் தேவாலயங்களில் நடந்த ‘ஆஃப்ரோ-டிபிபி’; நீரிழிவு உள்ள ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினருக்காக லண்டனில் உருவான ‘ஹீல்-டி’.