தண்டுவடக் காயத்துக்கு நரம்புக் குருத்தணுச் சிகிச்சை

தண்டுவடத்தில் காயம்பட்ட இடத்தில், நரம்புத் திசுவாக வளரக்கூடிய இளம் செல்களைச் செலுத்தி, இழந்த அசைவையும் உணர்வையும் மீட்க முயலும் மருத்துவமுறை. குருத்தணு என்பதைப் பேச்சுவழக்கில் ஸ்டெம் செல் என்பர். இச்சிகிச்சை இன்னும் ஆய்வுநிலையில்தான் உள்ளது.

காயத்தின் தன்மை

சாலை விபத்திலோ, மரத்திலிருந்து விழுவதாலோ முதுகெலும்பு முறியும்போது உள்ளிருக்கும் தண்டுவடம் நசுங்குகிறது. கழுத்தில் அடிபட்டால் கைகால் நான்கும், அதற்குக் கீழே பட்டால் கால்களும் செயலிழக்கலாம். சிறுநீர், மலக் கட்டுப்பாடும் போகலாம். அடுத்த சில நாட்களில் எழும் அழற்சி மேலும் பல செல்களை அழிக்கிறது. பின்னர் உருவாகும் வடுத்திசு, நரம்பிழைகள் மீண்டும் வளரத் தடையாகிறது.

செயல்படும் விதம்

செலுத்தப்படும் செல்கள் புதிய நரம்பணுக்களாகி அறுந்த தொடர்பை இணைக்கலாம். நரம்பிழையைப் போர்த்தும் மயலின் உறையை உண்டாக்கலாம். எஞ்சிய நரம்புகளைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கலாம். கட்டியாக வளர்வதும், உடல் அவற்றை ஏற்க மறுப்பதும் முக்கிய அபாயங்கள்.

மருத்துவ ஆய்வுகள்

ஸ்டெம்செல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2011இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் தொடங்கிய ஆய்வுத் திட்டம், போதிய பலன் தெரியாததால் 2016இல் நின்றது. அமெரிக்காவின் சான் டியேகோவில் நான்கு பேருக்கு நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. செல்களைச் செலுத்துவது பாதுகாப்பானது என்றே அது முதன்மையாகக் காட்டியது.

முதிர்ந்த செல்களை மீண்டும் குருத்தணு நிலைக்கு மாற்றும் ஐபிஎஸ் செல் நுட்பத்தை ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யாமானாகா 2006இல் உருவாக்கினார். அதைப் பயன்படுத்தி, ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் 2021 டிசம்பரில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தது. அந்த ஆய்வில் பங்கேற்ற நால்வருக்கும் தலா 20 லட்சம் செல்கள் செலுத்தப்பட்டன. 2025 மார்ச்சில் அறிவித்த முடிவின்படி, இருவருக்கு அசைவு மேம்பட்டது. ஒருவர் தாங்கலின்றி நின்றார். ஒப்பீட்டுக் குழு இல்லாததால், இதில் இயல்பான மீட்சி எவ்வளவு, செல்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது.

இந்தியாவில்

2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகள், ரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்றத்தையே வழக்கமான சிகிச்சையாக ஏற்கின்றன. தண்டுவடக் காயத்துக்கு, அனுமதியும் பதிவும் பெற்ற ஆய்வில் மட்டுமே இச்செல்களைப் பயன்படுத்தலாம். பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. பணம் பெற்றுக்கொண்டு குணப்படுத்துவதாகச் சொல்லும் ஊசிகள் இந்நெறிக்குப் புறம்பானவை.

தமிழ்நாட்டில்

திண்டிவனம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் உள்ள செஞ்சி போன்ற ஊர்களில் விபத்து நேர்ந்தால், முதல் சில மணி நேரமே முக்கியம். அடிபட்டவரின் கழுத்தும் முதுகும் அசையாதபடி பலகையில் கிடத்தி, 108 ஆம்புலன்ஸில் கொண்டுசெல்ல வேண்டும். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு உதவுகிறது.

செஞ்சிக்கு வடக்கே வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் வளாகத்தில் குருத்தணு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அக்கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் தொடங்கப்பட்டது. அதற்கு வழிவகுத்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். இத்தகைய மறுவாழ்வு நிலையங்கள் அளிக்கும் படுக்கைப்புண் தடுப்பு, சிறுநீர்ப்பை பராமரிப்பு, தசைப்பயிற்சி, தொழிற்பயிற்சி ஆகியவையே இன்று உறுதியாகக் கிடைக்கும் சிகிச்சை. கெயோ ஆய்விலும் செல்கள் செலுத்தப்பட்டபின் நோயாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தொடர்ந்தது.