பாலைத் தாரகை

பாலைத் தாரகை, வட அமெரிக்காவின் மொஹாவி, சொனோரா ஆகிய பாலைவனங்களில் மணலும் பரற்கற்களும் விரவிய வெட்டவெளிகளில் வளரும், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருபருவச் சிறுசெடி. இதன் சாஸ்திரீயப் பெயர் மோனாப்டிலான் பெல்லியாய்டிஸ். தென்கிழக்குக் கலிபோர்னியா, தென் நெவாடா, அரிசோனா, மெக்ஸிகோவின் வடமேற்குப் பகுதி ஆகியவை இதன் தாயகம். ஏசா கிரே என்னும் தாவர சாஸ்திரி இதனை முதலில் எரிமியாஸ்ட்ரம் என்ற பேரினத்தில் வைத்தார். ஹார்வி மன்ரோ ஹால் பின்னர் இப்போதுள்ள பேரினத்துக்கு மாற்றினார்.

குளிர்கால மழை போதிய அளவு பெய்த ஆண்டுகளில், பிப்ரவரி முதல் மே வரை இது பூக்கும். தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் எழுவது அபூர்வமான இச்செடி, மழை குறைந்த ஆண்டில் ஒரே ஒரு பூவை ஈன்று தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். மழை செழித்த ஆண்டிலோ கிளைகளைத் தரையோடு தரையாகப் பரப்பி, ஒரு சாண் அகலத்துக்குப் பூக்களால் நெய்த பாயாகப் படரும். இவ்விரு தோற்றங்களையும் அடுத்தடுத்துக் காண்பவர், இவை வெவ்வேறு இனங்களே என்று மயங்குவது இயல்பாதலால், உருவத்தின் அளவைக் கொண்டு இச்செடியை நிர்ணயிக்க முயல்வது வீண்.

நாம் ஒரு பூ என்று எண்ணுவது உண்மையில் பல சிறுமலர்கள் கூடிய சிரமஞ்சரி. ஓரத்தில் வெண்மையான கதிர்மலர்களும், நடுவே மஞ்சள் நிறமான வட்டமலர்களும் உள்ளன. கதிர்கள் சில சமயம் இளஞ்சிவப்புச் சாயை கொள்ளும். ஆனால் இதே நிலத்தில் இதே பருவத்தில் பூக்கும் எரியோஃபில்லம் லனோசம் என்னும் சிறுசெடிக்கும் வெண்கதிரும் மஞ்சள் நடுவும் இருப்பதால், நிறத்தை நம்புவோர் ஏமாறுவர். அதன் இலைகளை மூடியிருப்பது பஞ்சு போன்ற மென்மயிர். பாலைத் தாரகையின் மேலுள்ளதோ விறைப்பான தனித்தனி மயிர். கதிர்களும் அதனினும் இதில் அதிகம்.

இதன் நெருங்கிய உறவினமாகிய மோனாப்டிலான் பெல்லிடிஃபார்மியைப் பிரித்தறிவது இன்னும் நுட்பமானது. இலையும் பூவும் ஏறக்குறைய ஒன்றாகவே உள்ள அவ்விரண்டுக்கும் இடையே, கனியின் உச்சியில் உள்ள துய்தான் திட்டமான சாட்சி: உறவினத்தின் கனியில் நுனி மட்டும் இறகு போல் விரிந்த ஒரே ஓர் இழையும், அதன் அடியில் ஒரு சிறு கிண்ணமும் இருக்கும், பாலைத் தாரகையின் கனியிலோ பல இழைகளும், அவற்றிடையே குறுகிய செதில்களும் காணப்படும்.

மரணப் பள்ளத்தாக்கு, ஜோஷுவா மரம் போன்ற தேசியப் பூங்காக்களில் செடிகளைப் பறிப்பது சட்டவிரோதம். ஆகவே கைக்கண்ணாடியுடன் குப்புறப் படுத்து, செடி நின்ற இடத்திலேயே துய்யைப் பரிசோதியுங்கள்.