செய்யாற்று மணலும் ஊற்றுக்காலும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பெரியவரிடம் கிணறுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "எழுநூறு அடி போர் போட்டாங்க சார். தண்ணி வரல, வெறும் புகைதான் வந்துச்சு" என்றார். கூப்பிடு தூரத்தில் அவருடைய பழைய கிணறு. முப்பது அடிக்குள்ளேயே தண்ணீர் தெரிந்தது. ஆழத்தில் இல்லாத தண்ணீர் மேலே எப்படி நிற்கிறது? இந்தக் கேள்வியோடுதான் மலையிலிருந்து இறங்கினேன்.

இந்த மலை நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகளால் ஆனது. அந்தப் பாறைக்குள் தண்ணீருக்கு இடமே கிடையாது. மேலே வெயிலும் மழையும் பட்டு உளுத்துப்போன அடுக்கிலும், அதன் கீழே இருக்கும் விரிசல்களிலும்தான் அது தங்கும். கீழே போகப் போக விரிசல்கள் இறுகிவிடும். ஆழத்தில் நல்ல விரிசல் ஒன்று மாட்டினால் அதிர்ஷ்டம், மாட்டாவிட்டால் புகை.

மண்ணோ பாறையோ தண்ணீரைத் தன் வழியே எவ்வளவு வேகமாக விடுகிறது என்பதைக் கட்டுமானப் பொறியியலில் ஊடுருவுதிறன் என்கிறோம். இதற்கு முதலில் கணக்குப் போட்டவர் பிரான்சின் தீஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி. ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் அவர். குழாயில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு அளந்து பார்த்து, 1856இல் முடிவை வெளியிட்டார். நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும். மணல் அடுக்கின் நீளம் கூடினால் குறையும். மிச்சமெல்லாம் மண்ணின் குணம்.

அந்தக் குணம் மண்ணுக்கு மண் எவ்வளவு மாறுகிறது பாருங்க. செங்குத்தாக இறங்கும் தண்ணீர், பருமணலில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 86 மீட்டர் ஆகிறது. இறுகிய களிமண்ணில் இந்த வேகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு வருஷத்துக்கே மூணு சென்டிமீட்டர்தான்.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு சமவெளிக்கு வந்ததும் மணல் ஆறாகிறது. வருஷத்தில் பல மாதம் மேலே தண்ணீர் தெரியாது. உள்ளே மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நீரை வெளியே கொண்டுவர செய்யாறு, பாலாற்றுக் கரை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் ஊற்றுக்கால். வெள்ளைக்காரர்கள் இதை 'ஸ்பிரிங் சேனல்' என்று எழுதிவைத்தார்கள். ஏற்றமும் வேண்டாம், மாடும் வேண்டாம். ஆற்று மணலில் ஆழமாக வாய்க்கால் தோண்டினால் சுற்றியுள்ள மணலிலிருந்து தண்ணீர் அதில் கசிந்து சேரும். ஆற்றைவிடக் குறைந்த சரிவில் அந்த வாய்க்காலைக் கொண்டுபோனால் போகப் போக ஆழம் குறைந்து, கடைசியில் தரைமட்டத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து ஏரிக்கோ வயலுக்கோ போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆறு 500 அடிக்கு ஓர் அடி இறங்குகிறது. வாய்க்காலை 1,000 அடிக்கு ஓர் அடி என்று வெட்டுகிறோம். அப்படியென்றால் 10 அடி ஆழத்தில் தொடங்கும் வாய்க்கால் 10,000 அடி தள்ளி, அதாவது சுமார் மூன்று கிலோமீட்டரில், மேலே வந்துவிடும். டார்சி பிறப்பதற்கு முன்பே இந்தக் கணக்கை மண்வெட்டியால் போட்டவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள்.

செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பாலாற்றுப் பக்கம் வாய்க்கால் வெட்டும் வழக்கம் ரொம்பப் பழசு. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு, பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலைப் பேர் சொல்லியே குறிக்கிறது.

ஊற்றுக்காலில் ஒரு சிரமம் உண்டு. ஒவ்வொரு வெள்ளத்திலும் மணல் மூடிவிடும்; திரும்பத் தோண்ட வேண்டும். ஊர் கூடிச் செய்த குடிமராமத்து வேலை அது. இப்படிப்பட்ட பாசன வேலைகளுக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க 1858இல் மதராஸ் அரசு ஒரு சட்டமே போட்டது. டார்சி இறந்ததும் அந்த வருஷம்தான்.

வெள்ளம் மூடினால் தோண்டிக்கொள்ளலாம். மணலையே அள்ளிக்கொண்டு போனால்? முன்பு போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆற்றுப்படுகை 5 அடி இறங்கினால் உள்ளே இருக்கும் நீர்மட்டமும் கூடவே இறங்கும். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் 10 அடி ஆழம் இருந்தது 5 அடியாகிவிடும். பழைய ஆழம் வேண்டுமென்றால் தொடக்கத்தை இன்னும் 5,000 அடி மேலே கொண்டுபோக வேண்டும். அங்கேயும் அள்ளியிருந்தால், அதற்கும் மேலே. கடைசியில் பாறைதான் மிஞ்சும்.

அப்புறம் செய்யாற்றங்கரை ஊர்க்காரரும் போர் வண்டியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். மணலுக்குக் கீழே இருப்பது மலையில் இருக்கும் அதே மாதிரிக் கடினப் பாறை. அந்தப் பெரியவர் பார்த்த புகையை இவரும் பார்ப்பார்.