2 டெராபைட் சுவர்

பழைய நாஸ் பெட்டி ஒன்றில் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாருக்கும் பொதுவாக வைக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குத்தான் இந்தப் பெயர்) 4 டெராபைட் டிஸ்க்கைப் போட்டால் சில சமயம் 2 டெராபைட்தான் காட்டும். சில சமயம் டிஸ்க்கே இல்லை என்று சாதிக்கும். உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பாவம் அவர்! தப்பு ஒரு பழைய கணக்கில் இருக்கிறது.

டிஸ்க்கில் தகவலை 512 பைட் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஓர் எண். அந்த எண்ணுக்கு 28 பிட் ஒதுக்கியபோது 137 ஜிபியோடு தெரு முடிந்துவிட்டது. 2002ல் வந்த ஏடிஏ-6 தரம் அதை 48 பிட் ஆக்கியது. அப்பாடா என்று பார்த்தால், டிஸ்க்கின் பாகப்பிரிவினையைக் குறித்து வைக்கும் எம்பிஆர் பட்டியல் 1983லிருந்து 32 பிட்டிலேயே உட்கார்ந்திருந்தது. அதன் எல்லை சுமார் 2.2 டெராபைட். 2010ல் 3 டெராபைட் டிஸ்க்குகள் கடைக்கு வந்ததும் சுவர் தெரிந்தது. ஜிபிடி என்ற புதுப் பட்டியலைப் படிக்கத் தெரிந்த பெட்டிகள் பிழைத்தன. மற்றவை அங்கேயே நின்றுவிட்டன.

அன்று முடிவு செய்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1956ல் ஐபிஎம் செய்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். 1983ல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் 10 எம்பி. அதைப் போல 2 லட்சம் மடங்கு யாருக்குத் தேவைப்படும் என்று நினைத்திருப்பார்கள்!

சரி, பெட்டி ஏற்றுக்கொள்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எப்படி மாற்றுவது? 1988ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ரெய்டு கட்டுரையில் இதன் வேர் இருக்கிறது. பல மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று செத்தாலும் மற்றவற்றைக் கொண்டு அதைத் திரும்ப உருவாக்கலாம். அதனால் ஒரு பழைய டிஸ்க்கை உருவிப் பெரியதைச் செருகுகிறார்கள். செத்துப்போனதுக்குப் பதில் வந்தது என்று பெட்டி நம்பி, எல்லாவற்றையும் அதில் எழுதித் தருகிறது. பிறகு அடுத்தது. சாதாரண ரெய்டு-5ல் கடைசி டிஸ்க் மாறும்வரை ஒரு பைட்கூட இடம் கூடாது.

ஆபத்து இங்கேதான். எழுதி முடியும்வரை பாதுகாப்பே கிடையாது. பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயதான மற்ற டிஸ்க்குகளை ஓரம் விடாமல் படிக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒன்று மூச்சை விட்டால் எல்லாம் போச்சு. 2020ல் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸ் பெட்டிகளுக்கென்று விற்ற சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை என்று ஒப்புக்கொண்டது. அந்த முறையில் எழுதும் வேலை நாள்கணக்கில் இழுக்கலாம்.

பழசிலிருந்து புதுசுக்கு மாற்றுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. ஓலை நைந்தால் புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992ல் இறந்த பிறகு அவர் சேகரிப்பு சென்னைக்கு வந்து 1994ல் நூலகமானது. அங்கே முதலில் எடுத்தது மைக்ரோஃபிலிம்தான், கணினிக் கோப்பு அப்புறம் வந்தது. பிலிமைப் படிக்க வெளிச்சமும் லென்ஸும் போதும், 32 பிட் தகராறு இல்லை.

மாற்றும் முன் இணையத்தில் ஒரு பிரதி ஏற்றிவிடலாமே என்பார்கள். கல்வராயன் மலையில் கரியாலூர் மாதிரி ஓர் ஊரில் நொடிக்கு 1 மெகாபிட் வேகம் கிடைத்தால், 1 டெராபைட் ஏற்ற 92 நாள் ஆகும், இடையில் கரண்ட் போகாமல் இருந்தால். அதற்குத் தனியாக ஒரு யூஎஸ்பி டிஸ்க் வாங்கிப் பிரதி எடுப்பது மேல்.

கழற்றிய பழைய டிஸ்க்குகளே பிரதிதானே என்று அலமாரியில் வைப்பவர்கள் உண்டு. இரட்டைப் பிரதியான ரெய்டு-1 என்றால் சரி, உருவிய டிஸ்க்கில் அன்றுவரை உள்ளது முழுசாக இருக்கும். ரெய்டு-5ல் திங்கள்கிழமை உருவியதும் வியாழக்கிழமை உருவியதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, இடையில் யாராவது ஒரே ஒரு போட்டோவைச் சேமித்திருந்தாலும்.