குடியும் குடியுரிமையும்: 1949ஆம் ஆண்டுச் சட்டம் குறித்துச் சில சிந்தனைகள்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை ஊர்களுள் ஒன்றான தேற்றாத்தீவில், ஒருவர் யார் என வினவுவது மரபில் அவர் எக்குடியினர் என வினவுவதாகும். குடியும் அதனுட்பட்ட வயிற்றுவாரும் தாய்வழி வருவன. மணமுடித்து மனைவியின் இல்லத்துக்கு வரும் ஆடவன் வெளியூரானாயினும், அவன் பிள்ளைகள் தாயின் குடியினராவர்; கோயிலுரிமைகளும் அவ்வழியே அமையும். இம்முறையை இலட்சியப்படுத்துவது எமது நோக்கமன்று. சாதிப் படிநிலையும் போடிமாரின் நிலவுடைமையும் அதனுடன் பிணைந்தே வளர்ந்தன. எனினும், சுதந்திர இலங்கையின் அரசு உரித்தை வரையறுத்த முறையை நோக்குமிடத்து இது பயனுள்ள ஓர் ஒப்பீடாகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையை மட்டுமே வினவியது. தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தாய்க்கு அச்சட்டத்தில் இடமில்லை. 2003இன் திருத்தமே அவளையும் சேர்த்துக்கொண்டது. தேற்றாத்தீவு வேளாண்மைக்காரர் ஒருவரிடம் பூட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டிருந்தால் அவர் எதனைக் காட்டியிருப்பார்? எவரும் அவரிடம் கேட்கவில்லை. மலையகத் தோட்டத் தொழிலாளியிடமே கேட்டனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தொழிலாளரின் வாக்குகள் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கும் இடதுசாரிகளுக்கும் அளித்த பலத்தை நினைவிற் கொண்டால், சட்டத்தின் பொதுச்சொற்களுக்குள் மறைந்துள்ள வர்க்க நோக்குப் புலனாகும்.

இவ்வாறு வெளித்தள்ளப்பட்டோர், தாம் ஏற்கெனவே வாழ்ந்த நாட்டில் வாழ்வதற்கே விண்ணப்பிக்குமாறு பணிக்கப்பட்டனர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் (குடியுரிமை) சட்டத்தின்படி, 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட பயணம் அத்தொடர்ச்சியை முறிக்கும். மனைவி, பிள்ளைகளின் வதிவும் கணக்கெடுக்கப்பட்டது. ஏற்ற வருமானமும் காட்டப்பட வேண்டும். இவற்றுக்கெல்லாம் சான்று எங்கே? உழைத்த நாட்களின் பதிவு செக்ரோலில் இருந்தது. செக்ரோல் துரையின் கந்தோரில் இருந்தது. லயன் காம்பராவும் தோட்டத்துக்கே உரியது. தலைமுறைகளாக அவ்வறையில் வாழ்ந்தவரிடம் வாடகைச் சீட்டோ காணி உறுதியோ இருக்க நியாயமில்லை. உடைமை வர்க்கத்தின் வாழ்க்கை இயல்பாகவே ஆவணங்களாகத் திரள்கின்றது. கூலியுழைப்பாளரின் வாழ்க்கை முதலாளியின் கணக்கேட்டில் மட்டுமே எஞ்சுகின்றது. இச்சட்டத்தின் கொடுமை அதன் நிபந்தனைகளில் மாத்திரமன்றி, இவ்வேறுபாட்டைக் காணாததுபோல் நடந்துகொண்டமையிலும் உள்ளது.

முதலிற் சட்டத்தைப் புறக்கணித்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் பின்னர் விண்ணப்பிக்குமாறு கூறியது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியுடன் முடிந்த காலவெல்லைக்குள் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பிற் சென்றன. இறுதியிற் குடியுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1952இன் சத்தியாக்கிரகம் வாக்குரிமையை மீட்கவில்லை. 1953இல் கோடக்கான் பிள்ளை வழக்கில் கோமறைக் கழகமும் அரசின் பக்கமே தீர்த்தது.

தமிழ்த் தலைமையின் பங்கினையும் ஈண்டு மறைத்தலாகாது. 1948 செப்டெம்பரில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரானார், செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். இடதுசாரிகளின் வரலாறும் எமக்கு ஆறுதலளிப்பதன்று. 1948இல் இச்சட்டத்தை எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியபோது ஆட்சியிற் பங்காளியாயிருந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என அவ்வொப்பந்தம் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எவரது விருப்பமும் கேட்கப்படவில்லை.

1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத்தினர் பலர் வன்னியிலும், மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களிலும் குடியேறினர். வாவிப்பிரதேசத்துக்கு இவர்கள் புதியவர்கள். குடிமரபு இவர்களைக் கணக்கிற் கொள்ளவில்லை, அரசின் ஏடும் கொள்ளவில்லை. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. போரினால் இந்தியாவுக்கு ஓடியவர் இத்தொடர்ச்சியை இழந்தவராயினர். அவர்களுக்கென 2009இல் அச்சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டு முகாம்களில் அவர்களுட் பலர் பின்னரும் நாடற்றவராகவே வாழ்ந்தனர்.